மினி லாரியை மறித்தவள்

உலகம்மாளுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டிய இடத்தில், கான்ட்ராக்டர் குருநாதனின் ஆள் வேல்ராஜ் சவுக்குக் கட்டையால் அடித்ததில் போனவை.

திருப்புல்லாணிப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் விட்டுப் போனதும் சித்தாள் வேலைக்கு வந்தவள். சட்டென்று கை நீட்டிவிடுவாள் என்று பெயர்.

அன்று இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். தளத்தைத் தாங்கக் கீழே கொடுத்த முட்டு பத்தாது என்று கொத்தனார் முத்துகிருஷ்ணன் காலையிலேயே சொன்னார்.

"மொதல்ல போடுங்கய்யா, பெறகு பாப்போம்" என்றார் குருநாதன்.

மதியத்துக்குள் தளம் மொத்தமாக இறங்கிவிட்டது. அடியில் முட்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்த முத்துகிருஷ்ணனின் தொடையில் கம்பி ஏறி மறுபக்கம் வந்தது. ஈரக் கான்கிரீட்டுக்குள்ளிருந்து உலகம்மாள்தான் அவரைத் தோண்டி எடுத்தாள். சிமெண்டு அரித்து அவள் விரல்களில் தோல் உரிந்தது.

குருநாதன் மினி லாரியில் அவரை ஏற்றச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு வேணாம்லே. பாம்பன் ரோட்டுல எறக்கிப் போட்டுட்டு வந்துரு. வண்டி அடிச்சுட்டதா இருக்கட்டும்" என்று அவர் டிரைவரிடம் சொன்னது உலகம்மாள் காதில் விழுந்தது.

மம்பட்டியோடு வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"உசுரோட இருக்க மனுசன ரோட்டுலயா போடப் போறீய?"

"தள்ளு. அவன் எங்க ஆளே இல்ல" என்றார் குருநாதன்.

"ஒங்க ஆளு இல்லாமத்தான் ஒங்க கட்டடத்துல நசுங்குனாரா?"

மம்பட்டியால் வண்டியின் முகப்பு விளக்கை அடித்து நொறுக்கினாள். வேல்ராஜின் கட்டை அவள் வாயில் இறங்கியது. விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான். அவள் அவன் காலை இழுத்துக் கெண்டைச் சதையில் கடித்தாள். அவன் அலறிய பிறகும் விடவில்லை. அதுவரை கைகட்டி நின்ற ஆட்கள் அப்போதுதான் பாய்ந்தார்கள். வேல்ராஜைப் புரட்டி எடுத்தார்கள். கம்பி கட்டும் சுஐபு டிரைவரை இழுத்துத் தள்ளிவிட்டு, அதே வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

முத்துகிருஷ்ணனின் காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

நஷ்டஈட்டு வழக்கில், முத்துகிருஷ்ணன் யாரும் சொல்லாமல் தானாகவே தளத்துக்கு அடியில் போனவர் என்றார் குருநாதன். உலகம்மாள் சாட்சி சொன்னாள்.

"முட்டு பத்தாதுன்னப்ப, 'மொதல்ல போடுங்க'ன்னது இவருதான் அய்யா. வேலை சொன்னவருதான மொதலாளி?"

கான்ட்ராக்டர்தான் பொறுப்பு, அவர் தராவிட்டால் லாட்ஜ்காரர் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவானது. முத்துகிருஷ்ணனின் மனைவி கலைச்செல்வி உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலைக் காப்பாற்ற முடியவில்லையே என்று உலகம்மாளும் அழுதாள்.

அதன்பின் எந்த மேஸ்திரியும் அவளைக் கூப்பிடவில்லை. தங்கச்சிமடத்தில் இறால் உரிக்கப் போகிறாள். வேல்ராஜ் மேலுள்ள அடிதடி வழக்கு முடியவில்லை. சமாதானம் பேச வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். வாய்தாவுக்குத் தனியாகத்தான் போகிறாள்.