கால்பா என்று பெயரிட்ட காசு

பழங்காசுக் கடையின் வெல்வெட் தட்டுகளை எலாடியோ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மேசைக்கடியில் மெல்லக் குனிந்து, பழைய பிஸ்கட் டப்பாவை இழுத்து, "களைச்சுப்போனது ஏதும் வந்துச்சா?" என்று கேட்கிறார். முகம் தேய்ந்து, எழுத்து அழிந்து, சட்டைப் பொத்தான்போல் ஆகிவிட்ட ரோமானியக் காசுக்கு அவர் வைத்த பெயர் அது.

"உன்னைவிடக் களைச்சது எங்கிட்ட இல்ல, மனுசா," என்கிறார் கடைக்காரப் பெண்மணி கசில்டா. மத்ரித் பெரிய சதுக்கத்தின் வளைவுகளுக்குக் கீழே ஞாயிறு காலைகளில் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் பல வருடங்களாக மாறவில்லை.

எலாடியோ முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் வலது தோள் இறங்கியே இருக்கிறது. நாற்காலி கொடுத்தால் வேண்டாம் என்பார். "உக்காந்தா எழுந்திரிக்கணுமே."

நல்ல காசைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். "பளபளன்னு இருக்கறது வேலைக்கே போகாத காசு. எவனோ பானையில போட்டுப் புதைச்சிருக்கான். இதைப் பாரு, எழுவது வருசம் சந்தைக்கும் சாராயக் கடைக்கும் அலைஞ்சிருக்கு. யார் யார் கையில வியர்த்துச்சோ!"

காசை வினிகரில் கழுவுபவர்களோடு அவர் பேசுவதில்லை. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் காசுகள் மாதக்கணக்கில் ஊறும். மதுக்கடைகளிலிருந்து சட்டைப்பையில் வரும் பல்குச்சிகளால் மண்ணைச் சுரண்டுவார். ஒருமுறை மைத்துனர் தாகத்தில் ஒரு குவளையை எடுத்துக் குடித்துவிட்டார். காசு உள்ளே போய்விட்டதா என்றுதான் எலாடியோ முதலில் பார்த்தார்.

அவரிடம் உள்ள நூற்றுக்கணக்கான காசுகளில் நான்குக்கு மட்டும் தனிப் பெட்டி. ரோமில் உள்நாட்டுப் போர் நடந்த ஒரே வருடத்தில் அடுத்தடுத்து நால்வர் அரியணையில் இருந்தார்கள்: கால்பா, ஓதோன், விதேலியோ, வெஸ்பசியானோ. பெட்டியில் நான்கு பள்ளங்கள், கீழே நான்கு பெயர்ச் சீட்டுகள். கால்பா ஏழே மாதம் ஆண்டவர். அவருடைய காசு எலாடியோவுக்குக் கிடைத்துப் பத்தொன்பது வருடமாகிறது. வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி பேட்டை நூலகத்தில் காட்சிக்குப் போகிறது. அச்சடித்த அட்டையில் 'ஒரு வருடம், நான்கு மன்னர்கள்' என்ற வரிக்குக் கீழே அவர் பெயர். அவர் பெயர் அச்சில் வருவது அதுவே முதல் தடவை.

சென்ற ஞாயிறு, பெட்டியை வாங்கிக்கொள்ள நூலகத்து அம்மாள் வரும்வரை, கால்பாவைக் கையில் எடுத்து வளைவுக்குள் சாய்ந்து விழும் வெயிலில் திருப்பிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கசில்டா, பூதக்கண்ணாடியைக் கொடு."

கழுத்துக்குக் கீழே, விளிம்பையொட்டி, நிழலாக மூன்று கோடுகள்.

"கீறல்," என்றார் கசில்டா.

"கீறல் இப்படி இடைவெளி விட்டு வரிசையா விழுமா? இது ரோமன் எழுத்துல மூணு. மூணாந்தரம் கான்சல், ரோமோட தலைமைப் பதவின்னு அர்த்தம். கால்பா ரெண்டு தடவைதான் இருந்தான். இது வெஸ்பசியானோ."

"வெஸ்பசியானோதான் ஏற்கெனவே இருக்கானே?"

"ஆமா. இப்போ ரெண்டு பேர்."

கசில்டா குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள மொண்ணைத் தகடு. எவன் கோட்டை எண்ணப் போறான்? இல்லேன்னா என் தட்டுல அசல் கால்பா இருக்கான், வெள்ளி. மாசம் முழுக்க வச்சுக்கோ."

எலாடியோ அந்த வெள்ளிக் காசைப் பார்த்தார். கொஞ்ச நேரமே பார்த்தார்.

"காலிப் பள்ளம் இருந்துச்சு, பொண்ணே. அதுல உக்கார ஆள் தேடினேன். வந்தவன் மூக்கை, கால்பாவோட கொக்கி மூக்கு மாதிரி, நானே மனசுல வளைச்சுக்கிட்டேன்." காசைத் துடைத்தார். "பாவம், இவன் என்ன செய்வான்? பத்தொம்பது வருசம் அடுத்தவன் பேர்ல உக்காந்திருக்கான்."

நாற்காலி எங்கே என்று கேட்டார். கசில்டா இழுத்துப் போட்டார்.

நூலகத்து அம்மாள் பச்சைக் கோட்டில் வேகமாக வந்தார். பெட்டியைத் திறந்ததும் பதறித் தரையைத் தேடினார். "ஐயோ, ஒண்ணு விழுந்துடுச்சா?"

"விழல. அது கால்பா இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அட்டையெல்லாம் அடிச்சாச்சே, எலாடியோ! நாலுன்னு போட்டிருக்கே. அதையே வச்சுடலாமே, யாருக்குத் தெரியும்?"

எலாடியோ காலிப் பள்ளத்தின் கீழிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் நெம்பி உருவினார். அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, அதே இடத்தில் செருகினார். ஓரங்கள் படியும்வரை அழுத்தினார். பிறகு பெட்டியை இரண்டு கைகளாலும் அந்த அம்மாளிடம் தள்ளினார்.