பழைய மருந்துதான் எனக்கு வந்தது

2004ஆம் வருஷம் ஆடி மாதம். குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலில் கூழ் ஊற்றும் வேலை இருந்தது. கம்பெனியில் லீவு கேட்டால் சலித்துக்கொள்வார்கள். யாரிடமும் சொல்லவும் கூச்சம். தீபாவளி கழிந்து தொட்டுப் பார்த்தபோது அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் சகோதரிகளில் பலருக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் செல்வி. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். என் வீட்டுக்காரர் முருகேசன் இங்கே ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் இருக்கிறார். கல்யாணமான கையோடு மூக்கண்டப்பள்ளிக்குக் குடிவந்தோம். நானும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்த்தேன். ஒரே மகள் வித்யா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சொந்தபந்தம் எல்லாம் தெற்கே இருக்க, இந்த ஊரில் எனக்குத் தாய்வீடு என்று இருந்தது நம் காலனி எல்லையம்மன் கோயில் ஒன்றுதான்.

ஓசூரில் லேடி டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வித்யாவின் கல்யாணத்தைப் பார்க்க மாட்டேன் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கார்த்திகையில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்துவிட்டார்கள். அடுத்து கீமோ என்கிற மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"இப்ப எல்லாருக்கும் கொடுக்கற மருந்து ஒண்ணு இருக்கும்மா. அது கூட புதுசா ஒண்ணு சேத்துக் கொடுத்தா இன்னும் நல்லா கேக்குமான்னு ஆராய்ச்சி பண்றோம். இஷ்டம் இருந்தா நீங்க அதுல சேரலாம். சேரலன்னாலும் வழக்கமான வைத்தியம் நடக்கும், அதுல ஒரு குறையும் இருக்காது. யோசன மாடி, யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல."

"சேந்தா எனக்குப் புது மருந்து கிடைக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"அது என் கையில இல்ல. பாதிப் பேருக்குப் பழசு மட்டும். பாதிப் பேருக்குப் பழசோட புதுசும். கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். எனக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு நானே பிரிச்சா, எந்த மருந்து நல்லதுன்னு உண்மை தெரியாம போயிடும்."

ஊரிலிருந்து என் கொழுந்தனார் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் போனுக்குக் கூப்பிட்டுக் கத்தினார். "இல்லாதப்பட்டவுகன்னா அவங்களுக்கு எலியாய்யா? மதினியக் கூட்டிட்டு வந்துரு, மதுரையில பாத்துக்கிடுவோம்." வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுற செல்வி? ஒன் உடம்பு. நீ சொல்லுறதுதான்."

எனக்கு என்ன தெரியும்? அம்மனிடம் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அவள் காலடியில் வைத்தோம். பூசாரி வீட்டு நாகம்மாக்கா கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. சேரலாம் என்று அர்த்தம். நான் அதோடு விடவில்லை. "தாயே, சேரச் சொல்லிட்ட. புது மருந்தையும் எனக்கே வாங்கிக் கொடுத்துரு" என்று கேட்டேன். கொடுத்துவிடுவாள் என்று முழுசாக நம்பினேன்.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்ள ஷைலா என்று ஒரு சிஸ்டர் இருந்தார். கேரளத்துப் பெண். யாருக்கு எந்த மருந்து என்று அவர்தான் வந்து சொன்னார். என்னோடு பெஞ்சில் ஜூஜுவாடிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் கௌரம்மா. தக்காளி போடுகிற விவசாயக் குடும்பம். அவளுக்குப் புது மருந்து வந்திருந்தது. எனக்குப் பழையது மட்டும்.

அவள் சந்தோஷமாக என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டு, முந்தானையில் முகத்தை மூடி அழுதேன்.

சகோதரிகளே, அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளைப் பூவைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டுக் கையை விரித்துவிட்டாளே என்று கோபம். நாகம்மாக்கா குங்குமம் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். நெற்றியில் வைக்க மனசு வரவில்லை.

கீமோ ஏற்றுகிற நாட்களும் ரத்தம் கொடுக்கிற நாட்களும் கௌரம்மாவுக்கும் எனக்கும் ஒன்றாகவே வந்தன. நான் மூக்கண்டப்பள்ளியில் ஏறுவேன், அவள் ஜூஜுவாடியில் ஏறுவாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. அவளோ என் பக்கத்தில்தான் வந்து உட்காருவாள். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் தூக்குவாளியைத் திறந்து மோர் ஊற்றிக் கொடுப்பாள். "குடி செல்வக்கா. வாய்ப்புண்ணுக்கு நல்லது. நம்ம வீட்டு எருமைது." மொட்டைத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். மோரைக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தை மாதம். ஒரு புதன்கிழமை. அன்று ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். காலையில் எழுந்தபோதே உடம்பு லேசாகச் சுட்டது. வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கூட வரட்டுமா?" என்றார். "மருந்து அசதிதான், நான் போயிக்கிடுவேன்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். வித்யாவும் பள்ளிக்கூடம் போனாள். புடவை மாற்றலாம் என்று எழுந்தேன். கால் நிற்கவில்லை. பாயில் விழுந்தவள்தான். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கட்டிக்கொண்டது.

எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பகலில் ஆள் இருக்காது. ஆணும் பெண்ணும் வேலைக்குப் போயிருப்பார்கள். கீழே வீட்டுக்காரம்மா கல்யாணத்துக்குப் போய் வீட்டைப் பூட்டியிருந்தார். எங்களிடம் போன் கிடையாது. கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

இதுதான் சாவு போல என்று நினைத்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் எதைப் பார்ப்பாள் என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது. எத்தனையோ நாளாகக் கூப்பிடாத பெயரைக் கூப்பிட்டேன். "எல்லையம்மா, எனக்கு மருந்து வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். எம்பிள்ள வாரதுக்கு முந்தி யாராவது ஒரு ஆள அனுப்பு." அவ்வளவுதான். மந்திரம் இல்லை, விளக்கு இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு நினைவு தப்பித் தப்பி வந்தது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடாத கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது கௌரம்மா. அவளுக்குப் பின்னால் நாகம்மாக்கா.

"அய்யோ சிவனே, ஏன் செல்வக்கா இப்படி ஆச்சு!" என்று என் நெற்றியில் கை வைத்தவள், "நாகம்மா, ஆட்டோ கூப்பிடு, பேக பேக" என்று கத்தினாள்.

நடந்தது இதுதான். என்னை பஸ்ஸில் காணாமல் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஷைலா சிஸ்டர், "செல்வி எவிட? இன்னிக்கு பிளட் கொடுக்கணுமே" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரம்மா நம்பருக்குப் போன் அடித்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. இந்த வாரத்தில்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும், காய்ச்சல் வந்தால் ஆபத்து, போகிற வழியில் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கௌரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு என் வீடு தெரியாது. எல்லையம்மன் கோயில் பக்கத்தில் என்று நான் எப்போதோ சொன்னது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அவளும் கீமோ ஏற்றிய உடம்புக்காரிதான். ஜூஜுவாடியில் இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். இறங்காமல் மூக்கண்டப்பள்ளி வரைக்கும் வந்து, கோயிலில் விசாரித்து, வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

ஓசூரில் முதலில் ஊசி போட்டு, அங்கிருந்தே வண்டி வைத்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். நாகம்மாக்கா கம்பெனி வாசலுக்கே ஓடி வீட்டுக்காரரை வெளியே வரவழைத்து ஏற்றிவிட்டார். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று டாக்டரம்மா வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

காய்ச்சல் இறங்கி நான் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகு ஷைலா சிஸ்டர் வந்தார். "எனக்குத்தான் புது மருந்து இல்லையே சிஸ்டர், என்னை எதுக்குத் தேடினீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பழசு என்ன, புதுசு என்ன? ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான் கேட்டோ. ஒராள் வரலேன்னா தேடாம விட மாட்டேன்."

கௌரம்மாவும் மகனோடு வந்தாள், மோரோடு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னாள். "நீ அன்னிக்கு பெஞ்சில அழுத இல்ல? வீட்டுக்குப் போய் முனேஸ்வரனுக்கு ரெண்டு விளக்கு வச்சேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. இன்னிவரைக்கும் அப்படித்தான் வச்சுட்டு வர்றேன்."

நான் அம்மனோடு பேச்சை நிறுத்தியிருந்த அத்தனை நாளும் எனக்காக வேறொருத்தி வேறொரு சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அன்றுதான் கோபம் விட்டது. வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இத்தோடு முடித்தால் சாட்சி அழகாக இருக்கும். ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். எனக்கு மீதி மருந்தும் ஏறி, கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்து முடிந்தது. முடி வளர்ந்தது. கௌரம்மாவுக்கும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இருமல் வந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. நான் பொறாமைப்பட்ட அந்த மருந்து கிடைத்தவள் அவள். அடுத்த வருஷம் மாசியில் போய்விட்டாள். கடைசி வாரத்தில் ஜூஜுவாடியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் மோர் புகட்டினேன். "அழ பேட செல்வக்கா, நம்மள வச்சு இவங்க ஏதோ கத்துக்கிட்டாங்கல்ல, அது போதும்" என்றாள்.

'உன் வேண்டுதல் பலித்தது, அவள் வேண்டுதல் ஏன் பலிக்கவில்லை?' என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைவிட நன்றாக வேண்டினாள். அது மட்டும் எனக்குத் தெரியும். அம்மன் எனக்குக் கொடுத்து அவளுக்கு மறுத்தாள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு ஆளை அனுப்பு என்று கேட்டேன். அனுப்பினாள். அதற்குத்தான் நான் சாட்சி.

இப்போது ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. போன மாதம் செக்கப்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்த மருந்து சிலருக்கு நல்லா உதவுது, சிலருக்கு உதவல. யாருக்கு உதவும்னு இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா புரிய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் நீங்க எல்லாரும் இருந்தீங்க இல்ல, அதனாலதான்" என்றார். பழைய மருந்து வாங்கியவளும் வேண்டியவள்தான் என்று அப்போது புரிந்தது.

நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் தைக்கிறேன். புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு துணைக்குப் போகிறேன். சகோதரிகளே, மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். அம்மன் அங்கேயும் கூட வருவாள். கோபம் வந்தால் அவளிடமே கோபப்படுங்கள், ஆனால் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். யாரை அனுப்புவாள் என்று நமக்குத் தெரியாது. சில நாள் அவள் அனுப்புகிற ஆள் நாமாகவே இருப்போம்.

நம் பூஜைக்கு வருகிற ஒரு தங்கச்சியிடம் இப்போது டாக்டரம்மா வேறொரு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசியிருக்கிறார். நேற்று பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, எனக்கு எந்த மருந்துக்கா வரும்?"

"தெரியலம்மா. எது வந்தாலும் புதன்கிழமை நான் வருவேன்" என்றேன்.