அக்கா வைக்காத போன்

என் அக்காவின் செல்போனில் பதினொரு நிமிட ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதில் பேசுவது நான்தான். என் ஆயுளில் நான் பேசிய பேச்சுகளில் அதைவிடக் கேவலமானது இன்னொன்று இல்லை. ஆனாலும் அது அழியாமல் இருந்ததற்காகவும், அந்தப் பதினொரு நிமிடமும் அக்கா போனை வைக்காமல் இருந்ததற்காகவும் நான் நன்றியோடு இருக்கிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்கு டேலி கிளார்க் வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை சாக்கு மூட்டைகளில் வரும். பெட்டியைத் திறந்து மூட்டைகளை இறக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணி எழுத வேண்டும். எண்ணுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கிழிந்த மூட்டைகளைப் பிரித்து எழுதுவதில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதே கிழிந்து கிடந்த மூட்டை ஒரு கட்டத்தில், நம் ஆட்களின் கொக்கி பட்டுக் கிழிந்த மூட்டை இன்னொரு கட்டத்தில். முதலாவதற்கு அனுப்பியவன் பொறுப்பு, இரண்டாவதற்கு நாங்கள் பொறுப்பு. லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும் சரி, மேனேஜர் வந்து முறைத்தாலும் சரி, அந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதனால் யார்டில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்கூட உண்டு. எங்கே போனாலும் இதைப் பெருமையாக அளப்பது என் வழக்கம்.

இப்படிப்பட்டவன்தான் ஒரு ஏ.சி. ஹாலில் வைத்து, படித்துக்கூடப் பார்க்காமல் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் அழைத்துப் போனார். மூன்று நாள் சுயமுன்னேற்றப் பயிற்சி. உங்களைக் கட்டிப் போட்டிருக்கும் சங்கிலியை அறுத்து எறியுங்கள் என்று நோட்டீசில் போட்டிருந்தது. எனக்கு வயது நாற்பத்தைந்து. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன் சூப்பர்வைசராகிவிட்டான். நானும் ஏதோ ஒரு சங்கிலியில்தான் கிடக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வாசலிலேயே போன்களை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெயர் ஒட்டினார்கள். ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. ஒன்றுக்குப் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும், அதற்கும் ஒருவன் கூடவே வந்து வாசலில் நிற்பான். காதைப் பிளக்கும் பாட்டு, ஓயாத கைதட்டல், சரியான சாப்பாடு இல்லை, உட்காரவும் விடுவதில்லை. பயிற்சியாளர் நன்றாக உடுத்தியிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசினார். இரண்டாம் நாள் மதியம் அவர் என் தோளில் கை போட்டு, "உங்க வாழ்க்கையைத் தடுத்தது யாரு?" என்று கேட்டபோது, என்னை ஒருவர் அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று தோன்றியது.

நான் அக்காவைச் சொன்னேன்.

அந்தக் கதை சின்னதுதான். எனக்கு இருபத்துமூன்று வயதில் துபாயில் வேலைக்கு விசா வந்தது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகி நாசரேத்தில் தையல்கடை வைத்திருந்தாள். அங்கே போய்ச் சொல்லிவிட்டு வரப் போன இடத்தில் என் பாஸ்போர்ட் காணாமல் போயிற்று. விசா நாள் கடந்த பிறகு அவள் தையல் மிஷின் டிராயரிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு என் கல்யாணம், மகளின் காதுகுத்து எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். நான் மறந்துவிட்டேன் என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

என் போனைக் கவரிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார்கள். இத்தனை பேர் முன்னால் ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் பேச வேண்டும், அப்போதுதான் சங்கிலி அறும் என்றார் பயிற்சியாளர். பேசினேன். என்ன பேசினேன் என்பது பிறகு வரும். பேசி முடித்ததும் ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்த மயக்கத்திலேயே கார்டு மிஷின் வைத்திருந்த மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போய், அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணத்தை இழுத்துவிட்டு, 'என் முழு மனதோடு சேர்கிறேன், முழுத் திருப்தி' என்ற படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். 'நான் மீண்டும் பிறந்தேன்' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி ஒரு போட்டோ வேறு.

ஒரு வாரம் சிங்கமாகத் திரிந்தேன். எட்டாம் நாள் யார்டில் ஒரு மூட்டையின் கிழிசலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிங்கமா வருவீங்கன்னு பாத்தா, அக்காவத் தொலைச்சிட்டு வந்து நிக்கீங்க" என்றாள். அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். பதிலுக்குக் கையெழுத்துப் போட்ட படிவத்தையும், பல்லைக் காட்டிய போட்டோவையும் அனுப்பி வைத்தார்கள். கோபம் தலைக்கேறி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். அங்கே மனு வாங்கும் இடத்தில் இருந்த அம்மாவை நான் மறக்கவே முடியாது. என் மனுவை மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று தடவையும் எது குறைகிறது என்று உட்கார வைத்துச் சொன்னார்கள். கடைசியில், "சார், உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்கி. முழு மனசோடன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அங்கன உள்ள நடந்ததக் காட்டுததுக்கு எதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

பயிற்சியில் என்னோடு இருந்த இரண்டு பேரிடம் சாட்சி சொல்லக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் அடுத்த கட்டத்துக்கும் போய்விட்டிருந்தார். இன்னொருவர், "அண்ணாச்சி, ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்லா" என்று ஒதுங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் அதே அசிங்கம்தான்.

வழி காட்டியது மனைவி. "உங்க அக்கா போன்ல எல்லாப் பேச்சும் தன்னால பதிவாவும். தைக்கக் குடுக்குதவிய பிளவுஸ் அளவைச் சொல்லிட்டுப் பெறவு மாத்திப் பேசுதாவன்னு அவிய மருமவன் போட்டுக் குடுத்திருக்கான். கழுத்து ஏழுன்னு நா சொன்னத எனக்கே ஒருதடவ போட்டுக் காட்டுனாவ."

ஆக, என் கேஸுக்கு இருந்த ஒரே சாட்சி அக்காவின் போன். அவளோ என் போனை எடுப்பதே இல்லை.

ஒரு மே மாதக் காலையில் மனுவின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு நாசரேத் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு அக்காவின் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. யூனிபார்ம் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் நின்றேன். வெகுநேரம் நின்றேன். பிறகு ஒரு கட்டுச் சட்டையையும் பட்டன் டப்பாவையும் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"சும்ம நிக்காத. பட்டன் தை."

உட்கார்ந்து தைத்தேன். இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். பத்துச் சட்டை முடிந்திருக்கும். அவள் மிஷினை நிறுத்தினாள். நான் சொல்ல வந்ததை ஒருவழியாகச் சொல்லி மனுவை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். 'நான் என் சகோதரியிடம் பேசிய அனைத்தும் பயிற்சியாளரின் கட்டாயத்தின் பேரில் பேசியவையே' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, மறுகையால் போனை எடுத்துப் பதிவைப் போட்டாள்.

என் குரல் வந்தது. "என் பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சு என் வாழ்க்கையக் கெடுத்தது நீதான்." பிறகு பயிற்சியாளரின் குரல்: "சத்தமா! நீ எனக்கு அக்காவே இல்லைன்னு சொல்லுங்க!" பின்னாலேயே என் குரல் அதைச் சொன்னது. "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லுங்க!" அதையும் சொன்னது.

அக்கா அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"முத வரிய யாருலே சொல்லித் தந்தா?"

நான் பட்டன் டப்பாவை மூடினேன்.

"வந்தப்பெல்லாம் அளப்பியே, பெட்டியத் தொறக்கயிலேயே கிழிஞ்சதா, கொக்கி பட்டுக் கிழிஞ்சதான்னு. இது எந்தக் கட்டம்?"

"அக்கா, அத எழுதுனா கேஸ் நிக்காது. நானா பேசுனதுன்னு ஆயிரும்."

"நிக்காட்டா போவட்டும். மிச்சம் எல்லாம் அவன் சொல்லித் தந்தது, அதுக்கு அவன் மேல கேஸ் போடு. நா வந்து சொல்லுதேன். முத வரி ஒன்னோடது. அத அவன் கணக்குல எழுதுனா நா கையெழுத்துப் போட மாட்டேன்."

பதிவை வெட்டவில்லை, ஒட்டவில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஆணையத்தில் அது எடுபடும். அந்தக் கடையிலேயே உட்கார்ந்து மனுவைத் திருத்தினேன். 'முதல் வாக்கியம் என்னுடையது. அதற்குப் பிறகு வந்தவை எனக்குச் சொல்லித் தரப்பட்டவை.' எழுதி முடித்தபோது கேஸ் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டது.

விசாரணை அன்று அக்கா வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் நான் பயந்த இடத்தையே பிடித்தார். "இவரே ஒப்புக்கொள்கிறார், முதல் வாக்கியம் இவருடையது" என்றார். ஆணையத்தின் உறுப்பினர் பதிவை முழுவதும் போடச் சொன்னார். நாசரேத்தில் அக்கா நிறுத்திவிட்டாள் அல்லவா, அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது.

பேசி முடித்த நான் போனைக் கட் பண்ண மறந்து சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். அக்காவும் வைக்கவில்லை. கைதட்டல் கேட்டது. பிறகு என் குரல், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் சார்." கையெழுத்து முடிந்தால்தான் கதவு திறக்கும் என்று ஒருவன். "சார், கதவத் தொறங்க சார், நாளைக்கு வாரேன்" என்று நான் மறுபடி மறுபடி கெஞ்சுகிறேன். நான் கெஞ்சினேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், மிக மெல்ல, இன்னொரு குரல் இருந்தது.

"ஏலே, வெளிய வா. தம்பி, வெளிய வந்துருலே."

அக்காவின் குரல். வாசப்படி மிதிக்காதே என்று நான் சொன்ன பிறகு, என் சட்டைப்பைக்குள்ளிருந்து அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பதினொரு நிமிடம் முடியும்வரை. அந்த ஆரவாரத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆணையத்தின் அறையில், அத்தனை பேர் முன்னால், வெட்கம் பார்க்காமல் அழுதேன். அந்த அழுகைக்கு யாரும் கை தட்டவில்லை.

ஆணை பிறகு எங்களுக்குச் சாதகமாக வந்தது. தனக்கு எதிரானதையும் மனுதாரர் மறைக்காமல் எழுதியிருப்பதால் மற்றதையும் நம்புகிறோம் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. மனு வாங்கிய அம்மா அந்த இடத்தைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமானது விசாரணை அன்றைக்கே வெளியே நடந்தது. ஆட்டோவுக்காக வேப்பமர நிழலில் நின்றோம். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லு, அந்த முத வரிய. ஒருத்தனும் பின்னால நிக்கல" என்றாள்.

சொல்ல முடியவில்லை. "ஏங்க்கா ஒளிச்சு வச்ச?" என்றுதான் வந்தது.

"அப்பா போயி ஒரு வருசங்கூட ஆவல. நீயும் போயிட்டா பொறந்த வீட்டுல எனக்குன்னு யாருலே இருக்கா? பயந்துட்டேன். செஞ்சது தப்புதான். நீ கேப்பன்னு இருவது வருசத்துக்கு மேல பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கேட்டா மன்னிப்புக் கேக்கணும்னு."

"நீயே சொல்லியிருக்கலாம்லா?"

"தைரியம் இல்ல" என்றாள். ஆட்டோ வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"நீ சொன்னதுல எனக்கு ஒண்ணும் வலிக்கலலே. எம்மேல இருந்த கொறைய எங்கிட்டச் சொல்லுததுக்கு எவனோ ஒருத்தன் ஒனக்கு மைக் குடுக்க வேண்டியிருந்துச்சே. அதுதான்."

ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும், அங்கிருந்து நாசரேத் வரைக்கும், எனக்கு அவள்மேல் இருந்த குறைகளை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவளும் பதிலுக்குச் சொன்னாள். அவளுடையதுதான் நீளம்.