பத்தொன்பதாவது ஆள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு வாதாட எனக்கு வாய் கிடையாது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குக் கதை கட்டத் தெரியாது. இது நடந்தது 1996 ஜூலை 13, சனிக்கிழமை. இரவில் அல்ல. பட்டப்பகலில், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நேரங்களையும் நான் உத்தேசமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆட்டத்தின் கடிகாரம் என் கையில்தான் இருந்தது.

எங்கள் ஊர் மல்காரி. கோதுமை, ஆடு, கால்பந்து, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சில்லாத ஊர். பக்கத்து ஊர் டூன்பில். இந்த இரண்டும் இன்னும் நாலு ஊர்களும் சேர்ந்து ஒரு காலத்தில் யெரிங்கல் மாவட்ட லீக் நடத்தின. அணிக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து, சுற்றிலும் வேலியை முட்டி நிற்கும் கார்கள். கோல் விழுந்தால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும். ஐம்பது வருடம் ஓடிய லீக் 1971 இறுதிப் போட்டியோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால், "மழ இல்ல, இளவட்டமெல்லாம் டவுனுக்குப் போயிருச்சு" என்பார்கள். அதற்கு முன்னாலும் மழை பெய்ததில்லை. ஆனாலும் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

லீக் நின்று இருபத்தைந்து வருடம் ஆகிறதே, அந்தக் கடைசிப் போட்டியை மறுபடி ஆடிப் பார்ப்போம் என்று இளைஞர்கள் முடிவு செய்தார்கள். அதே இரண்டு அணிகள். ஆடப்போவது அன்று ஆடியவர்களின் பிள்ளைகள்.

என் அப்பா லெஸ் அந்தக் கடைசிப் போட்டியில் ஐந்து கோல் அடித்தவர். அவருக்கு இது பிடிக்கவே இல்லை.

"செத்த மாட்டுல ஏன்டா பால் கறக்கப் போறீங்க?" என்றார்.

என் அண்ணன் வேட் வறுத்த ஆட்டுக்கறியை மென்றுகொண்டே சிரித்தான். "என்னப்பா, உங்க அஞ்சு கோலை நான் தாண்டிருவேன்னு பயமா?"

அப்பா முட்கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வேட்டுக்கு வயது இருபது. வீட்டில் நான் முழு வாக்கியமாகப் பேசுவது அவனிடம் மட்டும்தான். "வாயில்லாப் பூச்சி" என்று கேலி செய்வான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் அடிக்கப் போவான். நேரம் குறிக்க மல்காரியிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றபோது என் பெயரைக் கொடுத்தவனும் அவன்தான். "பேச வேண்டாம். கடிகாரத்தைப் பாரு, நேரம் முடிஞ்சா சைரனை அமுக்கு. உனக்குன்னே செஞ்ச வேலை."

ஊருக்கு ஒருவராக இரண்டு பேர் தகரக் கூண்டில் உட்கார்ந்து நேரம் பார்ப்பது வழக்கம். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால்தான் சைரன். டூன்பில் பக்கத்து ஆள் கிளாரி. எழுபதைத் தாண்டியவர். 1971-இலும் அவர்தான் உட்கார்ந்திருந்தாராம்.

மதியம் 2.10. ஆட்டம் தொடங்கியது.

2.26-க்கு எங்கள் கசாப்புக்கடைக்காரர் மகன் விழுந்தான். பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவன் பக்கத்தில் யாரும் இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தான். விரல்களுக்கு இடையே ரத்தம் கொட்டியது. மூக்கு ஒரு கன்னத்தின் மேல் படுத்திருந்தது.

"கட்டெறும்பு கடிச்சிருச்சா கண்ணு?" என்று டூன்பில் பக்கமிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்டத்தில் மூக்கு உடைவது பெரிய விஷயம் இல்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்தால் மனது படபடக்கும். அதை அடக்க எதையாவது எண்ணுவேன். அன்று எங்கள் ஊர் ஆட்டக்காரர்களை எண்ணினேன்.

பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

கூடுதலாக இருந்தவனைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. மற்ற எல்லோருடைய முகமும் பந்து போகும் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. ஒருவன் மட்டும் பந்தைப் பார்க்கவே இல்லை. மார்பில் கயிறு கோத்துக் கட்டும் பழங்காலத்து ஜெர்சி. தலை தொங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் போய் ஓர் அடி தள்ளி நிற்பான். கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு அடுத்தவனிடம் போவான்.

2.47. ரயில்வேக்காரர் மகன். எனக்குக் கூண்டு வரை கேட்டது அந்தச் சத்தம்... காய்ந்த வேரைக் கோடாலியால் பிளப்பது போல. அவன் முழங்கை பின்பக்கமாக மடிந்திருந்தது. சத்தம் போட்டு அழுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

காயம்பட்ட இருவருக்கும் மாற்று ஆட்கள் உள்ளே போயிருந்தார்கள். டூன்பில் அணித் தலைவன் நடுவரிடம் ஓடினான். "அவனுங்க ஒருத்தனைக் கூடுதலா ஏத்தி ஆடுறானுங்க. தலை எண்ணுங்க."

இது எங்கள் ஆட்டத்தில் உள்ள விதி. ஓர் அணித் தலைவன் கேட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எதிரணியை வரிசையில் நிற்கவைத்து எண்ண வேண்டும். பத்தொன்பது பேர் இருந்தால் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் அழிந்துபோகும். நான் பிறந்ததிலிருந்து யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

2.51. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஹாரன்கள் ஓய்ந்துவிட்டன. நடுவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் அந்தப் பழைய ஜெர்சிக்காரன் நின்றான். நடுவரின் விரல் அவனைத் தொட்டது. உள்ளே போனது. வெளியே வந்தது.

"பதினெட்டு," என்றார் நடுவர். "ஆட்டம் தொடரட்டும்."

பக்கத்தில் கிளாரியின் உதடு அசைந்தது. "பத்தொன்பது," என்றார். அவரும் எண்ணியிருக்கிறார்.

இடைவேளை 3.05-க்கு. எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பதினொரு கார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் போகவில்லை. எங்கள் கூண்டை ஒட்டியிருந்த, ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் கொட்டகையின் வாசலில் வேட்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போதும். வெளிய வந்துரு."

"நாலு கோல் அடிச்சிருக்கேன்பா. இன்னும் ரெண்டு போட்டா உங்களைத் தாண்டிருவேன்."

"வெளிய வாடான்னு சொல்றேன்ல."

"நீங்க வந்திருப்பீங்களா?"

அப்பாவின் கை தானாக விலகியது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

3.25. ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவது தொடங்கியது.

3.31. தபால்காரர் மகன் கீழே கிடந்தான். வாயிலிருந்து பற்களைத் துப்பினான். ஐந்து. புல்லில் வெள்ளையாகத் தெரிந்தன.

அந்தப் பழைய ஜெர்சிக்காரன் அடுத்த ஆளிடம் போனான். நிற்கவில்லை. அதற்கடுத்த ஆள். அங்கேயும் நிற்கவில்லை.

வேட்டிடம் போனான்.

நின்றான்.

வேட் ஓடினான். அவனும் ஓடினான். ஓர் அடி பின்னால். வேட் திரும்பினான். அவனும். பந்து எங்கே போனாலும் அவன் தலை அசையவில்லை. வேட்டின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

3.38. வேட் ஐந்தாவது கோல் அடித்தான். ஒரு ஹாரனும் அடிக்கவில்லை.

ஆட்டத்தை நிறுத்த வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கையைச் சைரன் பொத்தானுக்குக் கொண்டு போனேன்.

கிளாரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, பொண்ணு. அமுக்காத."

"அண்ணன்..."

"தெரியுது. ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவன் தப்பிச்சான். நிக்க வச்சிராத."

நான் கேட்கவில்லை. அவர் கையைக் கடித்தேன். உப்பும் ரத்தமும் வாயில் கரித்தன.

3.41. அமுக்கினேன்.

சைரன் அலறியது. சைரன் கேட்டால் ஆட்டக்காரன் என்ன செய்வான்? நிற்பான். கையைத் தொங்கப் போடுவான். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். முப்பத்தாறு பேரும் நின்றார்கள். வேட்டும் நின்றான். கூண்டைப் பார்த்துத் திரும்பினான். என்ன ஆச்சு என்று எனக்குக் கையால் கேட்டான்.

அவன் மட்டும் நிற்கவில்லை.

வேட் முகம் குப்புற விழுந்தான்.

வேட்டின் விலா உள்ளே போனது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் உடம்பு தரையிலிருந்து எழும்பி விழுந்தது. தட்... தட்... தட்... யாரோ "வலிப்பு" என்று கத்தினார்கள். நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவர்கள் பிடித்திருக்கும்போதே ஜெர்சி கிழிந்தது. தோல் கிழிந்தது.

தட்.

தட்.

எண்ண முடியவில்லை என்னால். வாழ்க்கையில் முதல் முறையாக.

கடைசிச் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மெதுவாக.

பிறகு பார்த்தேன். மைதானத்தில் எங்கள் ஆட்கள் பதினெட்டுப் பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10-க்கு ஆஸ்பத்திரியில் வேட் கண்ணைத் திறந்தான். அப்பாவும் நானும் இருந்தோம். பேச்சு காற்றாக வந்தது.

"ஒருத்தன்... பின்னாலயே வந்து சொல்லிக்கிட்டே இருந்தான்பா."

"என்னடா?"

"'நீ வெளிய போ. உன் இடத்துக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க'ன்னு."

வேட் மறுபடி கண்ணை மூடியதும் அப்பா நடைபாதைக்கு வந்து, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பல்லாம் வெளிய வந்தா திரும்ப உள்ள போக முடியாது. மாத்து ஆளைப் பத்தொன்பதாவது ஆள்னு சொல்வோம். ஆல்வின் கெர்ஷ்னு ஒரு பையன். பதினேழு வயசு. நாங்க நாப்பத்தோரு பாயின்ட் முன்னால இருந்தோம். எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. வெளிய வரச் சொல்லி ஆள் வந்தான். நான் காதுல விழாத மாதிரி ஓடிட்டேன். அதுக்குள்ள ஆல்வின் உள்ள வந்துட்டான். டூன்பில்காரன் தலை எண்ணச் சொன்னான். பத்தொன்பது. அத்தனை பாயின்ட்டும் போச்சு. தோத்தோம்."

"அப்புறம்?"

"கொட்டகையில, 'யார்டா உன்னை உள்ள போகச் சொன்னது'ன்னு அவனைக் கேட்டாங்க. அவன் என்னைப் பார்த்தான். 'என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல, அவனா ஓடி வந்துட்டான்'னு சொல்லிட்டேன். பூட்ஸைக்கூட யாரும் கழட்டல. ஆளுக்கு ஒரு உதை. வரிசையா வந்து."

அவரே சொன்னார்.

"அவங்கம்மாகிட்ட ஆட்டு மயிர் வெட்டுற வேலைக்கு வடக்க போயிட்டான்னு சொன்னோம். அவன் எழுதுற மாதிரி ரெண்டு வருஷம் மாத்தி மாத்திக் கடிதம் போட்டோம். அடுத்த வருஷம் பயிற்சிக்கு எங்காளு ஒருத்தனும் வரல. நாங்க வராம லீக் எப்படி நடக்கும்? படுத்துருச்சு."

"நான் அவனைத் தொடல," என்றார். "பதினேழு பேர் உதைச்சாங்க. நான் கதவைச் சாத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான். சத்தியமா."

வேட் திங்கட்கிழமை மாலை 4.35-க்கு இறந்துபோனான்.

டூன்பில் ஆட்கள்தான் அடித்திருப்பார்கள் என்று போலீஸ் இரண்டு நாள் அவர்களைக் குடைந்தது. முந்நூறு சாட்சி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒன்பது வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை தபாலில் வந்தது. அப்பா பிரிக்கவில்லை. நான் பிரித்தேன்.

தோலில் பதிந்தவை பூட்ஸ் தடங்களாம். வழுக்காமல் இருக்க அடியில் தோல் கட்டைகளை ஆணியடித்துப் பொருத்திய பூட்ஸ். இப்போது யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு தடமும் வெவ்வேறு அளவு. ஒரே ஆள் அல்ல. தடங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். பதினேழு தடங்கள் விலாவிலும் முதுகிலும். அவை மட்டும் என்றால் பிழைத்திருப்பான் என்று எழுதியிருந்தது.

உயிரை எடுத்தது கழுத்தில் இருந்த பதினெட்டாவது தடம். இடது கால். பன்னிரண்டாம் அளவு.

நூலகத்தில் 1971 செய்தித்தாள் இருக்கிறது. போய்ப் படித்தேன். இறுதிப் போட்டியைப் பற்றி அரைப்பக்கம். மல்காரியின் பதினெட்டுப் பேரில் இடது காலால் உதைக்கிறவர் ஒருவர்தான் என்று போட்டிருந்தது. ஐந்து கோலும் அந்தக் காலால்தானாம்.