அப்பாவுக்குத் தெரியாதது

மருத்துவமனை அறையில் அம்மாவுக்காக வெந்நீரில் ஏலக்காயைத் தட்டிப் போட்டேன். எழுந்த வாசனை என்னை எழுபதுகளின் போடிக்கு, எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அம்மா அங்கே கூலிக்கு ஏலக்காய் தரம் பிரிப்பாள். வியாபாரி மூட்டையை வீட்டுக்கே அனுப்பிவிடுவார். முழுக்காய் ஒரு முறத்தில், வெடித்த காய் இன்னொன்றில்.

அப்பா அறிவியல் வாத்தியார். பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்பார். அதற்கு முன்னால் கடவுள் இருந்தாரா என்று கேட்டால், "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லணும். அதான் அறிவியல்" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஐந்து வயதில் என் தம்பி காய்ச்சலில் போனான். சில நாள் கழித்து முறத்தை மறுபடி எடுத்த அம்மா, அப்பாவிடம் கேட்டாள்.

"நீங்க படிச்சவுக. நம்ம பய எங்கனயாச்சும் இருக்கானா?"

"தெரியலயே, பார்வதி" என்றார் அப்பா.

அம்மா அழவில்லை. ஆனால் அன்று முழுக்காயும் வெடித்ததும் ஒரே முறத்தில் விழுந்தன. வியாபாரி மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அப்பா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

நானும் இன்று பிரபஞ்சத்தின் தொடக்கத்தைத்தான் ஆராய்கிறேன். அப்பாவின் பதிலைத் தாண்டி ஓரடிகூட நகரவில்லை.

டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மா கேட்டாள்: "நான் போற எடத்துல ஒந்தம்பி இருப்பானா, ஆத்தா?"

"இருப்பான்மா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒங்கப்பா ஒருநாளும் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாக" என்றாள்.