பன்னீர்ச் சொம்பும் மோதிர விரலும்

என் வலது கை மோதிர விரலின் நுனி இன்றும் நிமிராது. கீபோர்டில் தட்டும்போது அது மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் பிறவியிலேயே அப்படியா என்று கேட்பார்கள். இல்லை. அதைக் கெடுத்தவர் அப்பாவின் அக்கா, என் அத்தை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு ஆறவில்லை.

அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. போலா ஜாரிங் என்கிற வலைப்பந்து ஆட்டத்தில் வளையத்துக்குள் பந்து போடுவது என் வேலை. ஒரு பயிற்சியில் வேகமாக வந்த பந்து, நீட்டியிருந்த விரலின் நுனியில் நேராகக் குத்தியது. பெரிதாக வலிக்கக்கூட இல்லை. நுனி மட்டும் கீழே மடிந்துவிட்டது. மற்றக் கையால் தூக்கிவிட்டால் நிற்கும், விட்டால் விழும்.

அதன் பிறகு நடந்தது அக்கிரமம். எங்கள் ஆட்களுக்குக் கையில் என்ன வந்தாலும் சுளுக்குதான். சுளுக்கென்றால் பிடித்து இழுத்தாக வேண்டும். பயிற்சி ஆசிரியை இழுத்தார். பள்ளி வேன் அண்ணன், சிவப்பு விளக்கில் நிறுத்திய நேரத்தில் திரும்பி உட்கார்ந்து இழுத்தார். பக்கத்து வீட்டு ஆன்டி தைலத்தோடு வந்து நன்றாக நீவிவிட்டு இழுத்தார். "ஒன்னும் இல்லலா, சொடக்குனு சரியாயிரும்" என்று வேறு சொன்னார். என் விரல் என்ன தேர் வடமா, ஆளாளுக்கு இழுக்க?

கடைசியில் அம்மாதான் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே பார்த்த மலாய்க்கார டாக்டர், யாராவது இழுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தார். இது சுளுக்கே இல்லை, விரல் நுனியை நிமிர்த்துகிற நார் எலும்பிலிருந்து அறுந்திருக்கிறது, அசையாமல் நேராக வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும், அறுவை தேவைப்படாது என்றார். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை என் விரலுக்கு அளவாக வளைத்து, பட்டை போட்டு மாட்டினார்கள். ஆறு வாரம் இரவும் பகலும் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை நுனி மடங்கினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். கழற்றித் துடைக்கும்போது விரலை மேசைமேல் படுக்கவைத்து, மூச்சுக்கூட விடாதே என்பார். நான் கரண்டியால் சோறு தின்றேன், இடது கையால் கோழி கிளறியது போல எழுதினேன். எல்லாம் வட்டார அணிக்காக. விரல் சரியானால் இடம் உண்டு என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

ஐந்தாவது வாரத்தில் அத்தை மகளுக்குக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் வந்தது. பெண் வீட்டில் சின்னப் பிள்ளை நான் ஒருத்திதான் என்பதால், வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலை எனக்கு.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டமாரானில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் மாட்டி, இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போய்விட்டன. எங்களிடம் கிள்ளான் ஆற்று முதலை கடித்ததென்று கதை விடுவார். வீட்டில் அந்தக் கையாலேயே எங்கள் தலையில் குட்டுவார். வெளியே வந்தால் மட்டும் முந்தானை அதன்மேல் ஏறிவிடும். அது அவர் புடவை கட்டுகிற பாணி என்று நினைத்திருந்தேன்.

அன்று மண்டபத்தில் என் விரலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மணமகள் அறைக்குள் இழுத்துப் போய்க் கழற்றச் சொன்னார். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கொஞ்ச நேரந்தான்டி. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வாசல்ல மொதல்ல ஒன் கையத்தான் பாப்பாங்க."

சொல்லிக்கொண்டே அவரே பட்டையை உரித்தார். அம்மா எங்கோ தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிச் சொம்பின் கழுத்தை இறுக்கிப் பிடிக்காமல் பன்னீர் தெளிக்க முடியாது. விரல் மடங்காமல் இறுக்கிப் பிடிக்கவும் முடியாது. வந்தவர்களுக்கெல்லாம் தெளித்தேன். மாப்பிள்ளையின் அம்மா நின்று, என் கையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அழகான கை என்றார். பக்கத்தில் அத்தை முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். தாலி கட்டி முடிவதற்குள் என் விரல் நுனி பழையபடி தொங்கிவிட்டது.

அம்மா அத்தையோடு போட்ட சண்டையில் பந்தியே திரும்பிப் பார்த்தது. மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். நார் சரியாக ஒட்டவில்லை. அணியும் போனது. கல்யாண வாசல் அழகாகத் தெரிவதற்காக ஒரு பிள்ளையின் விரலைக் கெடுப்பார்களா? அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரத்தைக்கூடத் தொடவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒருநாள் இதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது அம்மா இடைமறித்தார்.

"ஒங்க அத்தைய பொண்ணு பாக்க வந்தவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? இந்தக் கையால வெளக்கேத்துனா குடும்பம் வெளங்குமான்னு கேட்டாங்க. குடுத்த தேத்தண்ணியக் குடிக்காமலே எந்திரிச்சிப் போயிட்டாங்க."

அதற்கடுத்து வந்தவர்களும் அப்படித்தான் போனார்களாம். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் அத்தை அந்தக் கையை வெளியே எடுக்கவே இல்லை. வாசலில் நிற்கிற பிள்ளைக்கும் கையில் ஏதோ என்றால், இந்தக் குடும்பத்துக் கைகளுக்கு என்ன என்று யாராவது கேட்பார்கள், பேச்சு தன் முந்தானைக்குள் வந்து நிற்கும், தாலி ஏறுவதற்கு முன் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்திருக்கிறார்.

என் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது அத்தை மேல் இல்லை. அன்று வாசலில் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன். பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்து அவள் தேறுவாளா மாட்டாளா என்று சொல்கிறவர்கள் என் எதிரிலேயே பட்டுப் புடவையில் வரிசையாக வந்தார்கள். ஒருவர் விடாமல் பன்னீர் தெளித்து, சந்தனம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, சிரித்த முகமாக உள்ளே அனுப்பி வைத்தேன்.