ஒரு முறை சொன்னால் போதும்

பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று கூப்பிடும் இடமெல்லாம் போய்த் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அதற்குச் சட்டம் ஒன்றுதான்: சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. நெடுங்காலம் அதை நான் மீறியதில்லை.

சில வருடங்களுக்கு முன் லண்டன் இல்ஃபோர்டில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்காகப் போனேன். ஆங்கிலம் வராது. வீட்டுக்கு வந்துபோன ஒருவன் தனக்குச் செய்ததைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். பிறகு பொலிஸில், பிறகு ஆஸ்பத்திரியில். மூன்றிலும் மொழிபெயர்த்தது நான்தான். நான்காவதாகச் சமூகசேவை அலுவலகத்தில் என்னைப் பார்த்து, "அன்ரி, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்தானே. ஒருத்தரும் நம்பேல்லையோ?" என்று கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன். அதற்குப்பின் அவள் வாய் திறக்கவில்லை. வழக்கைக் கைவிட்டார்கள்.

பிறகுதான் அரசாங்க நிதியில் சிறுவர்களுக்கான மையம் ஒன்று திறந்தார்கள். பிள்ளை ஒரே அறையில், ஒரே முறை பேசும். பொலிஸும் டாக்டரும் பக்கத்து அறையில் திரையில் பார்ப்பார்கள். நடுங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் பேசி முடித்துவிட்டு பிஸ்கட் கேட்டதை அங்கே கண்டிருக்கிறேன். போன வருடம் நிதியை நிறுத்தப்போவதாக மையத்துக்குக் கடிதம் வந்தது. முடிவெடுக்க, அந்த நிதியைப் பங்கிடும் உள்ளூர்க் கவுன்சிலில் கூட்டம். பொதுமக்களும் பேசலாம்.

அந்தச் சிறுமியின் தாய் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நான் கதைக்கப் போறன். நீங்கள் இங்கிலிஷில சொல்லவேணும்."

"ஆக்கள் அறிஞ்சால்?"

"அறியட்டும். மகளிட்டையும் கேட்டனான். போய்ச் சொல்லுங்கோ அம்மா எண்டவள். செய்தவன் நிமிர்ந்து திரியிறான், எனக்கென்ன வெக்கம்?"

கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். நான்கு இடத்துக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனதை அவள் சொல்லத் தொடங்கினாள். பாதியில் மணி அடித்தது. நேரம் முடிந்ததென்றார் தலைவர்.

"நான் இன்னும் முடிக்கேல்லை," என்றாள். மொழிபெயர்த்தேன். விதி விதிதான் என்றார் அவர்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. "அந்த மூன்று நிமிடத்தில் பாதியை என் மொழிபெயர்ப்புத் தின்றுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுங்கள்," என்றேன்.

"நீங்கள் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே."

கழுத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இப்போது இல்லை. ஒரு பிள்ளையின் சொல்லை நான்கு அறைகளில் ஆங்கிலமாக்கியவள் நான். நான்காவது அறையில் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. மையத்தை மூடினால் அடுத்த பிள்ளையும் நிறுத்தும். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு."

ஓர் உறுப்பினர் எழுந்து, அந்தத் தாய் முடிக்கட்டும் என்றார். முடித்தாள்.

ஒரு வருடத்துக்கு மட்டும் நிதியை நீட்டினார்கள், அதுவும் கிழமைக்கு மூன்று நாள் திறப்பதற்கு. விதியை மீறியதற்காகக் கவுன்சில் வேலைகளிலிருந்து என்னை நீக்கினார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதினால் யோசிப்போம் என்றார்கள். நான் எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் அந்தத் தாயும் ரயில் ஸ்டேஷன் வாசலில் கையெழுத்து வாங்க நின்றோம். மையம் ஐந்து நாளும் திறக்கவேண்டும், வருடா வருடம் பிச்சை கேட்கவைக்கக்கூடாது என்று அரசாங்கத்துக்கு மனு. எங்கள் தமிழ் ஆள் ஒருவர் வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இதெல்லாம் ரோட்டில நிண்டு கதைக்கிற விசயமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை," என்றாள் அவள். "இந்தாங்கோ பேனை."

அவர் வாங்காமல் போனார். பின்னால் பிள்ளைவண்டி தள்ளிவந்த பெண் பேனைக்குக் கையை நீட்டினாள்.